ஜோடி இல்லாத பெட்டி

எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவில் 'மேலாளர்' என்று எழுதியிருக்கும். சாக்கட்டியால் கிறுக்கியது என்று நினைக்க வேண்டாம். வெளிறிய பலகையில் கருங்காலி எழுத்துகளைப் பதித்து, என் கையாலேயே ஏழு தடவை பாலிஷ் போட்ட பலகை அது. யாராவது உள்ளே இருக்கும் நேரத்தில் வீட்டுக்கு வந்தவர்கள் அவசரமாக அந்தப் பக்கம் போனால், "மேலாளர் உள்ள இருக்காரு, கொஞ்சம் பொறுங்க" என்பார் என் வீட்டுக்காரர். முகத்தில் ஒரு சிரிப்புகூட இருக்காது. பதினாறு வருஷமாக இதே கூத்து.

அது மட்டுமா? சமையலறை வாசலில் 'வரிசையில் வரவும்'. வரிசையில் வருவதற்கு இந்த வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். கட்டிலின் தலைமாட்டில் மூன்றடி நீளத்துக்கு ஒரு மீன். சாப்பாட்டு மேஜைக்கு நேர் எதிரே, கன்னங்கரேலென்று, வேரோடு ஒரு கடைவாய்ப்பல். அந்தச் சொத்தைப்பல்லைப் பார்த்துக்கொண்டே மூன்று வேளையும் சாப்பிட்டு, நான் இன்னும் ஒரு சுற்று பருத்துத்தான் இருக்கிறேன். என் மனத்திடத்துக்கு வேறு சாட்சி வேண்டாம்.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். என் வீட்டுக்காரர் மரத்துக்குள் மரம் பதிக்கிறவர். நகைப்பெட்டி, கடைப்பலகை, கதவுப்பலகை எதுவானாலும் படமோ எழுத்தோ வண்ணத்தில் இருக்காது. அந்தந்த நிற மரத்தை மெல்லிய தகடாக அறுத்து, வடிவம் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று பொருத்திவிடுவார். நகத்தை வைத்துத் தேய்த்தால்கூட இடுக்கு அகப்படாது. தொழிலில் அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

வெட்டுகிற விதத்தில்தான் வினையே இருக்கிறது. பல் வைத்தியருக்குப் பலகை என்றால், கறுப்புத் தகடு ஒன்று, வெள்ளைத் தகடு ஒன்று, இரண்டையும் மேலும் கீழுமாக ஒட்டி, நூல் மாதிரி அலகு உள்ள ரம்பத்தால் ஒரே வெட்டாகப் பல்லை வெட்டுவார். அப்போதுதான் ஓட்டையும் பல்லும் அளவு பிசகாமல் இருக்கும். வெள்ளைப் பல்லைக் கறுப்புத் தகட்டின் ஓட்டையில் வைத்தால் வைத்தியருக்கு வேண்டிய பலகை தயார். ஆனால் மிச்சம் என்ன இருக்கிறது? ஒரு கறுப்புப் பல், பல் அளவு ஓட்டையோடு ஒரு வெள்ளைத் தகடு. வேறு யாராக இருந்தாலும் அதைக் குப்பையில் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இவர் அதையும் பொருத்துவார். அதற்கு ஜோடி என்று பெயர். ஊருக்கு வெள்ளைப் பல் போகும், எங்கள் வீட்டுக்குக் கறுப்புப் பல் வரும்.

எறிவது என்ற ஒன்று அந்த மனிதருக்கு வரவே வராது. சின்ன வயதில் பென்சில் சீவிய சுருளைக்கூட டப்பாவில் சேர்த்துவைப்பாராம், என் மாமியார் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வார். இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. எந்த மரத்தைப் பார்த்தாலும் எச்சில் தொட்டுப் பார்ப்பார். ஈரம் பட்டால்தான் பாலிஷ் போட்ட பிறகு என்ன நிறம் வரும் என்று தெரியுமாம். கல்யாணத்துக்கு முன்னால் முதல்தடவை எங்கள் வீட்டுக்கு வந்தவர், விரலில் தொட்டு வைக்கிற பொறுமைகூட இல்லாமல் நாற்காலிக் கையைக் குனிந்து நேராக நக்கிவிட்டார். "மாப்பிள்ளைக்கு உப்புச் சத்துக் குறைச்சலா இருக்கும் போல" என்று என் அப்பா ரகசியமாகக் கேட்டார். நான் அன்றைக்கே உஷாராகியிருக்க வேண்டும். விதி யாரை விட்டது?

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். ஒரு நாள் என் தங்கை வந்திருந்தாள். என் நகைப்பெட்டியைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்தாள்.

"அக்கா, இதே அன்னத்தை பேங்க் மேனேஜர் வீட்டுல பார்த்தேன். அங்க வெள்ளையா, அவ்வளவு லட்சணமா இருந்துச்சு. உன்னது ஏன் காக்கா மாதிரி இருக்கு?"

என் பெட்டியில் இருப்பது கறுப்பு அன்னம். மேனேஜர் மனைவியின் பெட்டிக்கு ஜோடி.

அவள் போன பிறகு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். மீன், மீன் கடைக்காரரின் ஜோடி. கண்ணாடி ஓரத்தில் இருக்கும் கத்தரிக்கோல், தையற்காரரின் ஜோடி. உப்பு டப்பா மூடியில் இருக்கும் குதிரைகூட யாரோ ஒருத்தருடைய ஜோடிதான். இருபத்தைந்து வருஷம் இந்த மனிதரோடு குடித்தனம் செய்து, அவர் செய்ததையெல்லாம் நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாலிஷ் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். எனக்கென்று, முதலாவதாக, எனக்காகவே செய்த ஒரு பொருள் இந்த வீட்டில் கிடையாது. நின்ற இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. அழுவதற்குக் குளியலறைக்குப் போனால், அங்கே மேலாளர்.

நேரே பட்டறைக்குப் போனேன். பட்டறை என்றால் வீட்டின் பின்னறைதான்.

"என்னங்க, நமக்குக் கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் முடியப் போகுது. எனக்கு ஒரு பெட்டி வேணும்."

"செஞ்சுட்டாப் போச்சு. வக்கீலுக்கு ஒண்ணு வெட்டிக்கிட்டிருக்கேன், அதுலயே…"

"வக்கீலோட ஜோடி வேணாம். யாரோட ஜோடியும் வேணாம். உலகத்துலயே ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும். அதுக்கு ஜோடியே இருக்கக் கூடாது. புரியுதா?"

ரம்பத்தைக் கீழே வைத்தார். "சரி" என்றார். அவர் சரி என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

கல்யாண நாளன்று பெட்டியைக் கையில் கொடுத்தார். மூடியில் என் முகம். இருபத்து நாலு வயதில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வெட்டியிருக்கிறார். கருங்காலியில் கூந்தல், வெளிறிய மரத்தில் முகம், செம்மரத்தில் உதடு. இடது மோவாயில் இருக்கும் மருகூட, கடுகளவு கருங்காலித் துணுக்காக, அதே இடத்தில். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீடு, எதிர் வீடு, தபால்காரர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் காட்டினேன். கேட்காதவர்களுக்கும் "இதுக்கு ஜோடி கிடையாது" என்று சேர்த்துச் சொன்னேன்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் என் தங்கைக்குக் கீழ்வரிசைப் பல் ஒன்று ஆடியது. கடைவீதியில் புதிதாகப் பல்செட் கட்டுகிற கடை திறந்திருக்கிறார்கள், துணைக்கு வா என்றாள். போனேன். கடை வாசலில் தலையைத் தூக்கினால், பலகையில் என் முகம்.

அதே மூக்கு. அதே காது. அதே இடத்தில் அதே மரு, வெள்ளையாக. முகம் கருங்காலி, தலைமுடி வெள்ளை வெளேர். என்னை நாற்பது வருஷம் தள்ளிக்கொண்டுபோய் வெயிலில் காயப் போட்டுக் கூட்டிவந்த மாதிரி இருந்தேன். நான் பாலிஷ் போட்டால் கண்டுபிடித்துவிடுவேன் என்று கடையில் விற்கும் வார்னிஷை அடித்திருக்கிறார், திருட்டு மனிதர்.

தங்கை பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அக்கா…" என்றாள். "வாயை மூடு" என்றேன்.

பல்செட்டுக்காரர் நல்ல மனிதர். வாங்கம்மா, உட்காருங்கம்மா என்று வரவேற்றார்.

"வாசல்ல இருக்கிற அந்தம்மா யாருங்க?" என்று கேட்டேன்.

"கற்பனைங்க. பலகை செய்யிறவர்தான், 'வயசான முகம் ஒண்ணு தயாரா இருக்கு, வேணுமா'ன்னு கேட்டாரு."

"வயசான முகமா?"

"எழுபத்தஞ்சு வயசுன்னு சொன்னாருங்க. ரொம்ப ராசியான முகம். இதுவரைக்கும் நாலு பேரு வந்து, 'அந்தம்மாவுக்கு நீங்கதான் பல்லு கட்டினீங்களா'ன்னு கேட்டுட்டாங்க. நானும் ஆமான்னு சொல்லிட்டேன்."

"அதுல பல்லே தெரியலையே?"

"அதுதானேம்மா விளம்பரமே. நம்ம செட்டைப் போட்டா போட்டிருக்கிறதே தெரியாது!"

அப்போதுதான் வெளிச்சத்தில் என் மோவாயைப் பார்த்தார். வாசலை எட்டிப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். அவசரமாகப் பஞ்சை எடுத்துக்கொண்டு என் தங்கை பக்கம் திரும்பினார். என் தங்கை வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், ஆடிய பல் தானாகவே விழுந்துவிட்டது. அதற்காவது பல்செட்டுக்காரர் எனக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் பட்டறையில் போய் நின்றேன்.

"ஜோடி வேணாம்னு சொன்னதுக்குச் சரின்னீங்களே?"

திருதிருவென்று முழித்தார். மென்று முழுங்கினார். "ஜோடி வீட்டுல இருந்தாத்தானே உனக்குப் பிடிக்கல? அதான் வெளிய கொடுத்துட்டேன்."

"என் மூஞ்சியைக் கடைவீதியில தொங்க விட்டிருக்கீங்க!"

"அது நீ இல்லம்மா. உனக்கு எங்க நரைச்சிருக்கு? அது வேற யாரோ ஒரு அம்மா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார், அதுவும் இரண்டே பருக்கைச் சோற்றில்! எனக்கு வந்த ஆத்திரத்தில் உளி தட்டுகிற கொட்டாப்புளியை எடுத்திருப்பேன். எடுக்கவில்லை. பெட்டியை அவர் பெஞ்சின் மேல் வைத்தேன். பாலிஷ் துணியை நாலாக மடித்து அதன் மேல் வைத்தேன்.

"இனிமே நீங்களே செய்யுங்க, நீங்களே தேய்ங்க. எனக்கு ஜோடி இல்லாத பெட்டி எப்போ வருதோ, அப்போதான் இந்தத் துணியைத் தொடுவேன்."

அந்த மனிதர் சரியான கல்லுளிமங்கன். நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் சமையலறை வாசலில், 'வரிசையில் வரவும்' பலகைக்குக் கீழே வந்து நின்றார்.

"ரெண்டு தகடா வெட்டினா ஜோடி வரத்தான் செய்யும். ரம்பம் போற வழி அது. நான் என்ன பண்ணட்டும்?"

"அது உங்க பாடு."

"உளியால குழி தோண்டிப் பதிச்சா ஜோடி வராது. ஆனா தோண்டின மரம் எல்லாம் தூளாப் போயிடும். ஒண்ணுத்துக்கும் ஆகாது." இதைச் சொல்லும்போதே அவருக்குக் குரல் கம்மிவிட்டது.

"அதுவும் உங்க பாடுதான்."

போனார். பட்டறையில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், பரண் மேலிருந்து கருங்காலிப் பலகையை இறக்கிக்கொண்டிருந்தார். இரண்டு விரற்கடை தடிமன். பன்னிரண்டு வருஷமாகத் துணி சுற்றி வைத்திருக்கிறார், என்னைக்கூடத் தொட விடமாட்டார். அதைத் தகடு தகடாக அறுத்தால் முப்பது பெட்டிக்கு வரும் என்று பெருமையடித்துக்கொள்வார். அந்தப் பலகையைப் பெஞ்சில் கிடத்தி, மேலே உளியை வைத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கொட்டாப்புளியால் ஒரு தட்டுத் தட்டினார். அடி பலகைக்கு, 'ஐயோ' சத்தம் அவரிடமிருந்து.

ரம்பத்துக்குப் பழகின கை அது. உளி அவர் சொன்னபடி கேட்கவில்லை. பத்தொன்பது நாள் அந்த அறையிலிருந்து டொக் டொக் சத்தமும் கெட்ட வார்த்தையும் மாறி மாறி வந்தன. மூன்று விரலில் கட்டு. அலமாரி ஓரத்தில் எட்டுப் பலகை பாலிஷுக்காக வரிசையில் காத்துக் கிடந்தன. வக்கீல் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். "அம்மாவுக்கு மனசு சரியில்ல" என்று சொல்லி அனுப்பினார் இவர். எனக்கும் ஒரு பக்கம் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் நான் இளகவில்லை. இந்தத் தடவை இளகினால், சாகிற வரைக்கும் கறுப்பு அன்னம்தான் என்று எனக்குத் தெரியும்.

இருபதாம் நாள் காலையில் பெட்டியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். குரங்காக முடிந்திருந்தாலும் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். மூடியில் இருந்த என் முகத்தில் ஒரு கண் புருவத்துக்கு மேலே இருந்தது. இன்னொன்று காதை விசாரிக்கப் போயிருந்தது. மூக்கு, காம்பு கிள்ளாத கத்தரிக்காய். உதடு இருந்தது, எந்தப் பக்கம் மேலுதடு என்று தெரியவில்லை. மரு மட்டும் சட்டைப் பொத்தான் அளவுக்கு இருந்தது.

"மரு ஏன் இவ்வளவு பெருசு?"

"உளி மூணு தடவை சறுக்கிடுச்சு. ஒவ்வொரு தடவையும் குழி பெருசாச்சு. குழிக்குத் தகுந்த மாதிரி மருவைப் பெருசாக்க வேண்டியதாப் போச்சு."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அவர் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்.

"இதுக்கு ஜோடி?"

"கிடையாது. சத்தியமா கிடையாது."

"தோண்டின தூள் எங்க?"

எனக்கா தெரியாது இவரை? பட்டறையில் போய்ப் பார்த்தேன். பிஸ்கட் டின்னில், ஒரு துகள் சிந்தாமல், விளிம்பு வரைக்கும் கருங்காலித் தூளும் சீவலும் சேர்த்துவைத்திருந்தார்.

"பசையில குழைச்சா இடுக்கு அடைக்க ஆகும்…" என்று பின்னாலிருந்து முனகினார்.

"அப்போ என் முகத்துக்காகத் தோண்டினதை, ஊர்ல இருக்கிற வக்கீல் பெட்டி, டாக்டர் பெட்டி இடுக்குல எல்லாம் அடைப்பீங்க. அப்படித்தானே?"

கொட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. யார் மேல் வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன். டின்னை வைத்துவிட்டு, பேசாமல் டீ போடப் போய்விட்டேன். உள்ளுக்குள் மட்டும் ஒன்று சுருங்கிப்போனது. இதிலும் எனக்கென்று முழுசாக எதுவும் இல்லை, எல்லாவற்றிலும் ஊருக்கு ஒரு பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

தெருவில் குப்பை வண்டியின் விசில் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தெருவில் நின்றுகொண்டிருந்தார். கையில் பிஸ்கட் டின்.

வண்டி தள்ளுகிற அம்மா நின்றாள். இவர் டின்னைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். விரலை எச்சில் தொட்டுத் தூளில் வைத்து, வெளிச்சத்தில் நிறம் பார்த்தார்.

"என்னண்ணே அது, காப்பித்தூளா?"

"இல்லம்மா, மரத்தூள்."

"மரத்தூளுக்கா இந்தப் பாடு? போடப் போறீங்களா இல்லையா? எனக்கு இன்னும் மூணு தெரு பாக்கியிருக்கு."

நான் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் திரும்பவில்லை. அவர் ஒருதடவை வீட்டுப் பக்கம் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். பிறகு டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அடியில் ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவு தூளும் வெங்காயத் தோலுக்கும் முட்டை ஓட்டுக்கும் மேலே விழுந்தது. வண்டி நகர்ந்தது. அதன் பின்னாலேயே நாலு அடி நடந்து போனார். அப்புறம் நின்றார். வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் அங்கேயே நின்றார்.

உள்ளே வரும்போது கண் சிவந்திருந்தது. "தூசி" என்றார்.

"கொட்டிட்டீங்களா?"

"கொட்டிட்டேன்." காலி டின்னைக் காட்டினார். டின்னைப் போட அவருக்கு மனம் வரவில்லை, அது வேறு விஷயம். "வக்கீல் பெட்டிக்கு ஜோடி செஞ்சுக்கலாம், டாக்டர் பெட்டிக்குச் செஞ்சுக்கலாம். இதுக்கு இனிமே நான் நெனச்சாலும் முடியாது."

வழிந்த டீயைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொழில்காரருக்குத் தொழில்காரரின் புத்தி, சும்மா இருக்குமா?

"மூக்கு மட்டும் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கில்ல? இரு, ஓரத்துல லேசா ஒரு சீவு சீவி…"

"உளியை அது பக்கத்துல கொண்டு வந்தீங்க, கையை உடைச்சிடுவேன்."

பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். துணி நான் மடித்து வைத்த இடத்திலேயே இருந்தது. முதலில் உப்புத்தாளால் தேய்த்தேன். பிறகு துணியைப் பாலிஷில் நனைத்து, அந்தக் கத்தரிக்காய் மூக்கிலிருந்து ஆரம்பித்தேன். பாலிஷ் காய்வதற்குள் தண்ணீர் படக் கூடாது, பட்டால் அந்த இடம் வெள்ளையாகப் பூத்துவிடும். இருபத்தைந்து வருஷமாகப் பாலிஷ் போடுகிறவளுக்கு இது தெரியாதா? இருந்தாலும் அன்றைக்கு மூக்கில் இரண்டு இடத்தில் பூத்துவிட்டது.